போர்க்கால நாளிதழைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

முதல் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் நாளிதழ்களைப் புரட்டுகிறவர்கள் முதலில் ஏமாறுவது தலைப்புச் செய்தியில்தான். 1916 ஜூலை 1 அன்று, பிரான்சின் சோம் களத்தில் பிரிட்டிஷ் படையில் மாண்டவர்கள் மட்டும் 19,240 பேர். காயம்பட்டோரையும் காணாமற்போனோரையும் சேர்த்தால் 57,470. அடுத்தடுத்த நாள்களில் வந்த தலைப்புகளோ, தாக்குதல் நன்றாகவே நடக்கிறது என்றன. தலைப்போடு நின்றுவிடாமல் உள்பக்கத்துக்குப் போங்கள். அங்கே பொடி எழுத்தில் இழப்புப் பட்டியல் நாள்கணக்கில் நீள்கிறது. இங்கிலாந்தின் அக்ரிங்டன் வட்டாரத்தில் திரட்டிய படைப்பிரிவில் அன்று களமிறங்கிய எழுநூறு பேரில் ஏறத்தாழ 580 பேர் மாண்டோ காயம்பட்டோ விழுந்தார்கள். அந்த ஊருக்குத் தலைப்புச் செய்தி தேவைப்படவில்லை.

பழியை முழுக்கத் தணிக்கை அதிகாரியின் தலையில் போடுவதும் தவறு. களத்துக்குப் போக அனுமதி பெற்ற நிருபர்கள் ஒரு கைப்பிடிதான்; அவர்கள் எழுதியது தணிக்கைக்குப் போனதும் உண்மை. ஆனால் கத்தரிக்கோல் நிருபர் மனத்திலும் இருந்தது. டெய்லி மெயிலின் பீச் தாமஸ், சோம் பற்றித் தாம் எழுதியதை நினைத்து வெட்கப்படுவதாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். அதற்குள் சர் பட்டமும் வந்திருந்தது!

எனக்குப் பெரிதாகப் படும் தவறு வேறு: நாளிதழ் சொன்னதை மக்கள் அப்படியே விழுங்கினார்கள் என்ற நினைப்பு. 1915 மே 21 அன்று, பீரங்கிக் குண்டுத் தட்டுப்பாட்டுக்குப் போர் அமைச்சராக இருந்த தளபதி கிச்சனர்தான் காரணம் என்று டெய்லி மெயில் சாடியது. தட்டுப்பாடு மெய். ஆனால் ஊரே கும்பிட்ட தளபதியைத் தொட்டதற்காக இலண்டன் பங்குச் சந்தையில் அந்த இதழைக் கொளுத்தினார்கள். பொய்யை மட்டுமல்ல, பிடிக்காத உண்மையையும் வாசகர்கள் உதறத்தான் செய்தார்கள்.

எதிர்ப்புக் குரலைப் பெரிய இதழ்களில் தேடிவிட்டு, அப்படி ஒன்றே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இந்தியாவின் முன்னாள் வைஸ்ராய் லான்ஸ்டவுன் பிரபு, சமாதானம் பேசலாம் என்று எழுதிய கடிதத்தையே டைம்ஸ் ஏற்கவில்லை. 1917 நவம்பர் 29 அன்று டெய்லி டெலிகிராப்தான் வெளியிட்டது. பிரபுவுக்கே அந்தக் கதி. கட்டாய ராணுவ சேவையை எதிர்த்த டிரிபியூனல் என்ற சிற்றிதழில் எழுதிய ஒரு கட்டுரைக்காகத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரசலுக்கு 1918இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. போலீசார் அதன் அச்சகத்துக்குள் புகுந்து இயந்திரத்தைச் சிதைத்த பிறகு, ஒரு சிறு கை அச்சுப்பொறியை மறைவிடத்தில் வைத்து இதழைத் தொடர்ந்து கொண்டுவந்தார்கள்.