புள்ளைங்களுக்கு வர்ற மெல்ட்டவுனை வீட்லயே அளக்குறது எப்படி

"போன மாசத்துக்கு இப்போ பரவால்லயா?"ன்னு டாக்டர் கேட்டதும் நான் எத்தனையோ தடவை முழிச்சிருக்கேன், ஏன்னா மனசுல நிக்கிறது கடைசியா நடந்த பெரிய கலாட்டா மட்டும்தான், நடுவுல நல்லா இருந்த 10 நாள் ஞாபகமே வராது. என் பொண்ணுக்கு ஆட்டிசம், இப்போ 14 வயசு. மெல்ட்டவுன்னா, தாங்க முடியாம போய் தன்னையே அடக்கிக்க முடியாம கத்துறது, அடிக்கிறது, அது வேணும்னு பண்றது இல்ல. நோட்டு போட்டு எழுத ஆரம்பிச்சப்புறம்தான் எங்களுக்கு நெறைய விஷயம் புரிஞ்சுது, அதான் எழுதுறேன்.

முதல்ல எதை எண்ணப்போறோம்னு முடிவு பண்ணிக்கோங்க. "கோவப்பட்டா", "அடம் புடிச்சா"ன்னு எழுதுனா வேலைக்கு ஆகாது, ஒருத்தருக்கு அடம்னு தெரியிறது இன்னொருத்தருக்கு பயம்னு தெரியும். கண்ணுக்குத் தெரியிறத மட்டும் எழுதணும். எங்க வீட்ல ஆரம்பம்னா, காதைப் பொத்திக்கிட்டு ஒரே வார்த்தைய மூணு தடவைக்கு மேல சத்தமா சொல்றது. முடிவுன்னா, கத்தல் அடி எதுவும் இல்லாம தொடர்ந்து 5 நிமிஷம். இதை ஒரு பேப்பர்ல எழுதி அவங்க அப்பாகிட்டயும் ஸ்கூல் டீச்சர்கிட்டயும் குடுத்துட்டேன். ஒரே சம்பவத்தை ரெண்டு பேர் தனித்தனியா குறிச்சுப் பாருங்க, பத்துக்கு எட்டாவது ஒத்துப்போகணும், இல்லன்னா நீங்க எழுதுன விளக்கத்துலதான் தெளிவு பத்தலன்னு அர்த்தம்.

அடுத்து, எண்ணிக்கைய மட்டும் நம்பாதீங்க, இதுலதான் நாங்க ஏமாற இருந்தோம். படம் போட்ட டைம்டேபிள் வெச்சு ஒரு மாசம் ஆகியும் வாரத்துக்கு 4 தடவைங்கிறது அப்படியேதான் இருந்துச்சு, சரி இது வேலை செய்யல எடுத்துரலாம்னு இருந்தப்போ நேரத்தைக் கூட்டிப் பாத்தா, முன்னாடி ஒவ்வொண்ணும் 40 நிமிஷம் கிட்ட போனது 12, 15 நிமிஷத்துல அடங்கியிருக்கு. அதனால எத்தனை தடவை, எவ்வளவு நேரம், எவ்வளவு கடுமை, மூணையும் குறிங்க. கடுமைக்கு நாங்க வெச்சது: குரல் மட்டும் உசந்தா 1, பொருளைத் தூக்கிப் போட்டா 2, தனக்கோ மத்தவங்களுக்கோ காயம் படுற மாதிரி ஆனா 3. நடக்கும்போது நோட்டைத் தூக்காதீங்க, அப்போ புள்ளைக்கு நீங்கதான் வேணும். போன்ல டைமரை மட்டும் தட்டிட்டு, அடங்குன ஒரு மணி நேரத்துக்குள்ள எழுதிருங்க.

எழுதும்போது முன்னாடி என்ன நடந்துச்சு, அப்போ என்ன பண்ணா, அதுக்கப்புறம் நாம என்ன பண்ணோம்னு மூணு கட்டம் போடுங்க. முதல் கட்டத்துலதான் நாம சோம்பேறித்தனம் பண்ணுவோம். "சும்மாவே கத்துனா"ன்னு நான் எழுதுன ஒரு நாளை அவ அண்ணன் திருத்துனான்: "டேப்லெட்ல சார்ஜ் இறங்கிருச்சு, வீடியோ பாதியில நின்னுச்சு, அம்மா அப்போதான் குளிக்க வான்னு கூப்ட்டீங்க." சும்மா இல்ல பாருங்க. முந்தின ராத்திரி எவ்வளவு தூங்குனா, மலச்சிக்கல் இருக்கா, பீரியட்ஸா, மருந்து மாத்துனாங்களா, இதையும் ஓரத்துல குறிங்க. வாய்விட்டு சொல்லத் தெரியாத புள்ளைக்கு பல்வலியும் காதுவலியும் இப்படித்தான் வெளிய வரும். திடீர்னு அதிகமானா சார்ட் போட்டுட்டு உக்காராம முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க.

இன்னொரு வழி இருக்கு, 1985லயே டச்செட்ங்கிற ஆராய்ச்சியாளரும் அவர்கூட இருந்தவங்களும் எழுதுனது. குறுக்க தேதி, நெடுக்க அரை அரை மணி நேரம், நடந்த கட்டத்துக்கு கலர் அடிக்கணும். ரெண்டு வாரத்துல எந்த நேரத்துல கலர் கும்பலா விழுதுன்னு பளிச்சுன்னு தெரியும், எங்களுக்கு ஸ்கூல் விட்டு வந்த முதல் ஒரு மணி நேரம். அந்த ரெண்டு வாரமும் எதையும் மாத்தாம குறிச்சுட்டு அப்புறமா ஒவ்வொண்ணா மாத்துங்க, ரெண்டு மூணை ஒண்ணா மாத்துனா எது உதவுச்சுன்னே தெரியாமப் போயிரும்.

தெரபிஸ்ட்கிட்ட போனா கேள்வித்தாள் குடுப்பாங்க. நடத்தைச் சிக்கல்களைப் பத்திக் கேக்குற அபரண்ட் பிஹேவியர் செக்லிஸ்ட்ல 58 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும் மார்க், அதுல எரிச்சல் சம்பந்தப்பட்டது 15. இதையும் ஏபிசின்னுதான் சொல்வாங்க, மேல சொன்ன மூணு கட்ட சார்ட்டையும் ஏபிசின்னு சொல்வாங்க, எதைக் கேக்குறாங்கன்னு தெளிவா கேட்டுக்கோங்க. ஆட்டிசம் புள்ளைங்களுக்காகவே செஞ்ச எமோஷன் டிஸ்ரெகுலேஷன் இன்வென்ட்டரின்னு இன்னொரு கேள்வித்தாள், உணர்ச்சிய அடக்க முடியாமப் போறதைப் பத்தினது, கடந்த 7 நாளைப் பத்திக் கேக்கும், குறுகின நேரத்துல வர்ற மாற்றத்தைப் பாக்க அது வசதி. இதெல்லாம் நாம ஞாபகத்துல இருந்து நிரப்புறதுதான், அதனால பக்கத்துல நோட்டை வெச்சுக்கிட்டு நிரப்புங்க.

வீடியோ எடுக்கறதா இருந்தா டாக்டருக்கு மட்டும் காட்டுங்க, ஃபேமிலி குரூப்ல போடாதீங்க ப்ளீஸ், வளர்ற புள்ளைக்கு அவமானம் தெரியும். முடிஞ்சா அவங்களையும் கேளுங்க, பேச்சு வராட்டியும் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை காட்டுனா பல பேர் எடுத்துக் காட்டுவாங்க. என் பொண்ணு இப்போ சில நாள் கத்துறதுக்கு முன்னாடியே மஞ்சள் அட்டைய எடுத்து என் கைல திணிக்கிறா, போன வாரம் ரெண்டு தடவை, அதுக்குன்னே நோட்டுல தனியா ஒரு கட்டம் போட்டிருக்கேன்.