வீட்டுப்பாடத்துக்கும் அறிவிப்புக்கும் ஒரே ஒரு பக்கம்: நான் அமைத்த விதம்

ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை ஆன முதல் மாதம், என் ஃபோன் பகலைவிட இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் அதிகம் அலறியது. "மிஸ், இன்னைக்கு சயின்ஸ்ல என்ன ஹோம்வர்க்?" என்று ஒருவர் கேட்பார், இன்னொருவர் கரும்பலகைப் படத்தைப் போடுவார், அது நேற்றைய படம் என்று மூன்றாமவர் சொல்வார், அதற்குள் யாரோ காலை வணக்கப் படத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுவார், எல்லாம் மேலே போய்விடும். தொடக்க வகுப்பில் ஒரே ஆசிரியர் எல்லாப் பாடமும் எடுப்பதால் இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பில் பாடத்துக்கு ஒருவர் வருகிறார், ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது.

இப்போது எங்கள் வகுப்புக்கு ஒரே ஒரு பக்கம் இருக்கிறது. அதன் முகவரி மாறாது. அன்றன்றைக்கு உள்ளது அதன் உச்சியில் இருக்கும். தினமும் எனக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை. எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். கூகுள் கணக்கு உண்டாக்குவது, வாட்ஸ்அப் குழு தொடங்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எதில் செய்வது?

கூகுள் டாக்ஸ் போதும். ஏன் கூகுள் கிளாஸ்ரூம் இல்லை என்று கேட்பீர்கள். பிள்ளைகள் வேலையை அங்கேயே ஒப்படைக்கவும் நீங்கள் மதிப்பெண் போடவும் கிளாஸ்ரூம் நல்லதுதான். ஆனால் பெற்றோருக்கு அதிலிருந்து பொதுவாக வருவது மின்னஞ்சல் சுருக்கம், தினமும் அல்லது வாரம் ஒரு முறை. அதையும் பள்ளியின் கணக்கு நிர்வாகி இயக்கி வைத்திருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு அவசரமாகப் பார்க்க நினைக்கும் பெற்றோர் மின்னஞ்சலைத் திறக்கப் போவதில்லை.

வாட்ஸ்அப்பிலேயே போட்டால் என்ன? போடலாம், மூன்று நாள் கழித்துத் தேடத்தான் முடியாது. கரும்பலகையைப் படம் எடுத்துப் போடுவது எனக்கு அறவே பிடிக்காது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேட முடியாது, பாதி வெளிச்சத்தில் மறைந்திருக்கும், பத்துப் படம் சேர்ந்தபின் எது எந்த நாள் என்று எடுத்தவருக்கே தெரியாது. வாட்ஸ்அப்பை நான் கதவு தட்ட மட்டும் வைத்திருக்கிறேன்.

படி 1: கோப்பை உண்டாக்குங்கள்

புதிய டாக்ஸ் கோப்பு ஒன்றைத் திறந்து, ஃபைல் மெனுவில் பேஜ் செட்டப் போய் "பேஜ்லெஸ்" என்று மாற்றிவிடுங்கள். பக்க எல்லை போய்விடும், ஃபோனில் படிக்கச் சுலபம். உச்சியில் "அறிவிப்புகள்", அதன் கீழே "வீட்டுப்பாடம்" என்று இரண்டு தலைப்பு. அவ்வளவுதான். நிறம், படம், பூ வேலைப்பாடு எதுவும் வேண்டாம், நான் முதல் வாரம் இரண்டு மணி நேரம் அதில் வீணாக்கினேன்.

படி 2: ஒரு நாளை எப்படி எழுதுவது

புதிய நாள் எப்போதும் மேலே, பழையது கீழே. தேதிக்கு @டுடே என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் அழுத்தினால் அன்றைய தேதி தானே வந்து உட்காரும். அந்த வரிக்கு "ஹெடிங் 2" பாணியைக் கொடுங்கள், பக்கவாட்டு அவுட்லைனில் ஒவ்வொரு நாளும் தனித்தனியாகத் தெரியும். காய்ச்சலில் நான்கு நாள் வராத பிள்ளைக்கு இது பெரிய உதவி.

பாடங்களின் வரிசையைத் தினமும் ஒரே மாதிரி வையுங்கள். என் பக்கத்தில் ஒரு நாள் இப்படி இருக்கும்:

தமிழ்: வீட்டுப்பாடம் இல்லை
ஆங்கிலம்: நான்காம் பாடம் ஒரு முறை வாசித்து, தெரியாத ஐந்து சொற்களைக் குறித்து வர வேண்டும். 15 நிமிடம். காட்ட வேண்டிய நாள்: வியாழன்
கணக்கு: பயிற்சி 3.2, 1 முதல் 6 வரை. 25 நிமிடம். காட்ட வேண்டிய நாள்: புதன்
அறிவியல்: இலையின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்க வேண்டும். 20 நிமிடம். காட்ட வேண்டிய நாள்: வெள்ளி

இதில் மூன்று விஷயம் கவனியுங்கள். "இல்லை" என்றால் இல்லை என்றே எழுத வேண்டும். வெற்றாக விட்டால், இல்லையா அல்லது மிஸ் இன்னும் போடவில்லையா என்று இரண்டு சந்தேகம் வரும், இரண்டுக்கும் ஃபோன் உங்களுக்குத்தான். அடுத்தது, "நாளைக்கு" என்று எழுதவே கூடாது. செவ்வாய் இரவு எழுதிய "நாளை"யைப் புதன் காலை படிப்பவர் வியாழன் என்று எடுத்துக்கொள்வார். கிழமை போடுங்கள், ஒரு வாரம் தள்ளிப் போனால் தேதியும் போடுங்கள்.

மூன்றாவது அந்த நிமிடக் கணக்கு. பத்து நிமிட விதி என்று ஒன்று உண்டு: வகுப்பு எண்ணைப் பத்தால் பெருக்கினால் வருவது அன்றைய மொத்த வீட்டுப்பாட நேரம். வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த ஹாரிஸ் கூப்பர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் இந்த அளவை ஒட்டியே பேசுகிறார். ஏழாம் வகுப்பு என்றால் 70 நிமிடம், எல்லாப் பாடமும் சேர்த்து. எண்ணைப் போட ஆரம்பித்த முதல் வாரத்தில்தான் ஒரு திங்கட்கிழமை நாங்கள் எல்லோரும் சேர்ந்து இரண்டேகால் மணி நேர வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டியிருந்தது தெரிந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, ஒருவர் கொடுத்ததை மற்றவர் பார்க்கவில்லை.

படி 3: பகிர்வது (இங்கேதான் நான் விழுந்தேன்)

மெதுவாகப் படியுங்கள்.

ஷேர் பொத்தானை அழுத்தினால் கீழே "ஜெனரல் ஆக்சஸ்" என்று இருக்கும். முதலில் அது "ரெஸ்ட்ரிக்டட்" என்றிருக்கும். அதை "எனிஒன் வித் த லிங்க்" என்று மாற்றி, பக்கத்தில் "வியூவர்" என்று இருக்கிறதா என்று பார்த்து, "காப்பி லிங்க்" அழுத்த வேண்டும். படிக்க ஒரு வரி. எனக்கு மூன்று நாள் ஆனது.

நான் செய்த தவறு இது. பள்ளி கொடுத்த கணக்கில் கோப்பை உண்டாக்கியிருந்தேன். அந்தப் பட்டியலில் "ரெஸ்ட்ரிக்டட்" போக இன்னொரு வரி இருந்தது, அதில் எங்கள் பள்ளியின் பெயர். அதைத் தேர்ந்தெடுத்தேன், இணைப்பை அனுப்பினேன், பிள்ளைகள் எல்லோரும் "தெரியுது மிஸ்" என்றார்கள், நானும் நிம்மதியாக இருந்தேன். பெற்றோர் பக்கம் மட்டும் "அனுமதி கேளுங்கள்" என்று ஒரு பக்கம் வந்துகொண்டிருந்தது. பள்ளியின் பெயர் இருந்தால், பள்ளிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று அர்த்தம். பிள்ளைகளிடம் அது இருக்கிறது, அம்மா அப்பாவிடம் இல்லை. இதில் கொடுமை என்னவென்றால், "பக்கமே இல்லை, என் பையன் பொய் சொல்கிறான்" என்று ஒரு அம்மா என்னிடம் வந்து சொன்னார். பாவம், அவன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்.

ஆகவே ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். கணினியில் குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மறைநிலைச் சாளரம் (இன்காக்னிட்டோ) திறக்கும். அதில் உங்கள் கூகுள் கணக்கு உள்நுழைந்திருக்காது. அங்கே இணைப்பை ஒட்டிப் பாருங்கள். உள்நுழையச் சொல்லாமல் பக்கம் திறந்தால் சரி. உங்கள் கணக்கிலிருந்தே பார்த்தால் எப்போதும் திறக்கும், அது சோதனையே ஆகாது.

"எனிஒன்" என்ற வரியே உங்கள் பட்டியலில் இல்லையென்றால், வெளியாருக்குப் பகிர்வதைப் பள்ளி நிர்வாகி அடைத்து வைத்திருக்கிறார். அவரிடம் கேளுங்கள். சத்தம் போடாமல் சொந்தக் கணக்கில் செய்துவிடலாம் என்று தோன்றும், வேண்டாம். அதற்கும் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, வகுப்புக்கென்றே தனிக் கணக்கு ஒன்று தொடங்கிச் செய்யுங்கள். நீங்கள் மாறிப் போனால் அப்படியே அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம்.

இணைப்பு யார் கையிலும் போகக்கூடியது என்பதால் பிள்ளைகளின் பெயர், மதிப்பெண், படம், யார் பணம் கட்டவில்லை போன்ற எதுவும் அந்தப் பக்கத்தில் வரக்கூடாது. பிறந்தநாள் வாழ்த்துகூட வேண்டாம்.

படி 4: இணைப்பைக் கொண்டு சேர்ப்பது

பெற்றோர் குழுவில் அட்மின்கள் மட்டும் எழுதலாம் என்று அமைப்பை மாற்றி, குழுவின் விவரிப்பில், அதாவது டிஸ்கிரிப்ஷனில், இணைப்பைப் போட்டு வையுங்கள். குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிவது சங்கடம் என்றால் வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழு நல்லது, அங்கே ஒரு பெற்றோரின் எண் மற்றப் பெற்றோருக்குக் காட்டப்படாது.

நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் ஒட்ட ஒரு க்யூஆர் குறியீடும் அச்சடித்தேன். கணினியில் குரோமிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து, பகிர்வு மெனுவில் க்யூஆர் உண்டாக்கலாம். இலவசம் என்று விளம்பரம் செய்யும் தளங்களில் பலவும் தங்கள் முகவரி வழியாகச் சுற்றி அனுப்பும் குறியீட்டைக் கொடுத்து, சோதனைக் காலம் முடிந்ததும் நிறுத்திவிடுகின்றன. நாற்பது நாட்குறிப்பில் ஒட்டிய பிறகு அது செத்துப்போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 5: மற்ற ஆசிரியர்களிடமிருந்து வாங்குவது

எல்லோருக்கும் திருத்தும் உரிமை கொடுத்துப் பார்த்தேன். இரண்டாம் வாரம் ஒருவர் ஃபோனில் தெரியாமல் முழுவதையும் தேர்வு செய்து அழித்துவிட்டார். வெர்ஷன் ஹிஸ்டரியில், அதாவது கோப்பின் பழைய நிலைகள் இருக்கும் இடத்தில், போய் மீட்டுவிட்டேன், ஆனால் அன்று மாலை நான் பட்ட பாடு போதும். அப்புறம் கூகுள் ஃபார்ம் ஒன்று வைத்தேன், யாரும் நிரப்பவில்லை. கடைசியில் வேலை செய்தது ஒரு சாதாரண நோட்டு. ஒவ்வொரு பாடவேளை முடியும்போதும் அன்றைய பொறுப்பில் இருக்கும் மாணவர் ஆசிரியரிடம் நீட்டுவார், அவர் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார், கடைசி மணிக்கு அது என் மேசைக்கு வரும். நான் பார்த்துத் தட்டுகிறேன்.

அறிவிப்புகளுக்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: என்ன, எப்போது, பெற்றோர் என்ன செய்ய வேண்டும். மூன்றாவது இல்லாமல் எழுதினால் குழப்பம்தான். "வெள்ளி அன்று அறிவியல் கண்காட்சி" என்று போட்டேன், பிள்ளையை எத்தனை மணிக்கு அனுப்ப வேண்டும் என்று பதினெட்டுப் பேர் கேட்டார்கள். நாள் முடிந்த அறிவிப்பை அன்றே எடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: இணைப்பைக் குழுவில் பின் செய்து வைத்தேன், காணாமல் போய்விட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். வாட்ஸ்அப்பில் பின் செய்த செய்தி அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். அதனால்தான் விவரிப்பில் போடச் சொன்னேன்.

பின்சேர்க்கை 2: கூகுள் சைட்ஸில் அழகாக ஒரு தளம் செய்து டாக்ஸை உள்ளே பதித்தவர்களுக்கு: தளத்தின் அனுமதி வேறு, உள்ளே இருக்கும் கோப்பின் அனுமதி வேறு. தளம் எல்லோருக்கும் திறந்து, கோப்பு பூட்டியிருந்தால் உள்ளே இருப்பது பெற்றோருக்குத் தெரியாது. படி 3-இல் சொன்ன அதே சோதனைதான்.

பின்சேர்க்கை 3: சக ஆசிரியர் அனுப்பிய தமிழ், ஒட்டியதும் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாக வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. எழுத்துரு மாற்றி எதிலாவது போட்டு யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள், அல்லது ஃபோனில் குரல் தட்டச்சால் சொல்லிவிடுங்கள், அது இன்னும் வேகம்.

பின்சேர்க்கை 4: அடுத்த பருவத்துக்குப் புதிய கோப்பு தொடங்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். தொடங்காதீர்கள், முகவரி மாறிவிடும், ஒட்டிய குறியீடு எல்லாம் வீண். டாக்ஸ் கோப்பு ஒன்றில் 10.2 லட்சம் எழுத்து வரை பிடிக்கும், ஒரு வருட வீட்டுப்பாடம் அதற்குப் பக்கத்தில்கூடப் போகாது. ஆனால் நீளமானால் பழைய ஃபோன்களில் திறக்கத் திணறும். நான் மாதம் முடிந்ததும் பழைய நாட்களை வெட்டி இன்னொரு கோப்பில் ஒட்டி, அதன் இணைப்பை இந்தப் பக்கத்தின் அடியில் வைத்துவிடுகிறேன். அந்த இன்னொரு கோப்புக்கும் ஷேர் அனுமதி கொடுக்க மறந்து, ஒரு மாதம் யாரும் சொல்லாமலே இருந்தது வேறு விஷயம்.