பழைய டீசல் பிக்கப்: கம்பெனி பைப் கிடைக்காதபோது டீசல் லைன் மாற்றுவது

கம்பம், போடி பக்கத்துப் பழைய பிக்கப்களில் சேஸ் உறுதியாக இருக்கும்போதே டீசல் பைப் அரித்துப்போகும். காரணம் மழை மட்டுமல்ல. ஏலத்தோட்டங்களுக்கு ஏற்றும் பொட்டாஷும் யூரியாவும் மூட்டையிலிருந்து சிந்தி, பலகை இடுக்கு வழியாகச் சேஸில் விழுகின்றன. இடுக்கி மழையில் அது கரைந்து செம்மண் சேறோடு கிளிப்புகளுக்குள் அப்பிக்கொள்கிறது. அதனால் பைப்பில் முதலில் ஓட்டை விழுவது கிளிப்புக்கு அடியில்தான், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

முதலில் பழுது பைப்பில்தானா என்று உறுதி செய்யுங்கள். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டேங்க் டீசலை எஞ்சின் பக்கம் இழுக்கும் சின்ன பம்ப்) வரை டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அதனால் வண்டி ஓடும்போது அந்த லைனில் ஓட்டை இருந்தாலும் டீசல் சொட்டாது, காற்று உள்ளே போகும். கீழே ஈரம் இல்லை என்பதற்காகப் பைப் நன்றாக இருக்கிறது என்று நினைத்து எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் அதற்கு அழுத்தம் கொடுக்கும் பெரிய பம்பையும் டீசல் பம்ப் லேபுக்கு அனுப்பிக் காசைத் தொலைப்பவர்கள் அதிகம். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, ஏற்றத்தில் மட்டும் இழுவை குறைவது, டேங்க் பாதிக்குக் கீழ் போனதும் திணறுவது எல்லாம் ஏர் எடுப்பதன் அடையாளங்கள். ஏற்றத்தில் வண்டியின் மூக்கு உயர்கிறது, டேங்க் தாழ்கிறது. டீசலை இன்னும் ஆழத்திலிருந்து உறிஞ்ச வேண்டியிருப்பதால் சின்ன ஓட்டைகூட அங்கே காட்டிக் கொடுத்துவிடும்.

ஃபீட் பம்புக்கு வரும் இடத்தில் ஒரு அடி உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஹோஸைத் தற்காலிகமாக மாட்டி எஞ்சினை ஓட விடுங்கள். தொடர்ந்து குமிழி வந்தால் பழுது பம்புக்கு முன்னால். அடுத்து, சுத்தமான கேனில் டீசல் நிரப்பி, பம்பை விட உயரத்தில் வைத்து அதிலிருந்து நேராக ஊட்டுங்கள். திணறல் நின்றால் டேங்க் பக்கம்தான் கோளாறு. டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயையும் வெளியே எடுத்துப் பாருங்கள். அதன் மேல் பாதியில் விரிசல் இருந்தால் டேங்க் நிறைந்திருக்கும்போது வண்டி ஒழுங்காக ஓடும், டீசல் குறைந்ததும் ஏர் எடுக்கும். இதைப் பார்க்காமல் லைன் முழுவதும் மாற்றினால் பழுது அப்படியே இருக்கும்.

பொருள் வாங்கும் முன் பழைய பைப்பின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். சப்ளை (டேங்கிலிருந்து வருவது) பெரும்பாலும் 8 அல்லது 10 மிமீ இருக்கும், ரிட்டர்ன் (மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்புவது) அதைவிடச் சிறிது. இருந்த அளவுக்குக் குறைவாகப் போடக்கூடாது. பிரேக் பைப் 4.75 மிமீதான், அது உதவாது. 1 மிமீ சுவர் கொண்ட ஸ்டீல் குழாய் அல்லது குப்ரோ நிக்கல் (செம்பு, நிக்கல் கலவை) குழாய் நல்லது. நீளத்தைப் பழைய பைப்பின் வளைவோடு நூல் வைத்து அளந்து, அரை மீட்டர் கூட்டி வாங்குங்கள். ஏசி கடையில் கிடைக்கும் செம்புக் குழாய் கையாலேயே வளையும், அதுதான் ஆசை காட்டும். ஆனால் அதிர்வில் செம்பு இறுகி வெடிக்கும், டீசலில் பிசினும் உண்டாக்கும். துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயும் வேண்டாம், உள்பூச்சுத் துத்தநாகம் டீசலோடு சேர்ந்து ஃபில்டரை அடைக்கும். லாரி ஸ்பேர் கடையில் கிடைக்கும் ஏர் பிரேக் நைலான் குழாய் சேஸ் ஓரம் போகப் பரவாயில்லை, சைலன்சர் பக்கம் போகவே கூடாது. முழு நீளத்துக்கும் ரப்பர் ஹோஸ் இழுப்பது சோம்பேறி வேலை. கல் பட்டுக் கிழியும், உறிஞ்சும்போது வளைவில் ஒட்டிக்கொள்ளும்.

வேலை தொடங்கும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, டேங்கை வடித்துவிடுங்கள். சப்ளைக்கு ஒரு நிறம், ரிட்டர்னுக்கு ஒரு நிறம் பெயின்ட் தொட்டு வையுங்கள். டேங்க் பக்கம் இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டுப் பாதி நாள் தேடுவது எல்லாப் பட்டறையிலும் நடக்கும் கூத்து. பழைய பைப்பை அறுக்காமல் முழுசாக இறக்குங்கள், அதுதான் அச்சு. கையில் உதிர்கிற நிலையில் இருந்தால், வண்டியிலேயே ஒரு மெல்லிய கம்பியை அதன் மேல் வைத்து வளைத்து வடிவம் எடுத்துக்கொள்ளலாம்.

புதுக் குழாயை ரம்பத்தால் அறுக்காமல் குழாய் கட்டரால் வெட்டுங்கள், இரும்புத்தூள் உள்ளே போனால் பம்ப் போச்சு. வளைவுகளைப் பெண்டரில் போடுங்கள். வளைவின் ஆரம் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது. ஹோஸ் ஏறும் முனை மொட்டையாக இருந்தால் ஹோஸ் நழுவும், காற்றும் புகும். பிரேக் பைப் முனை மடிக்கும் கிட்டில் குழாயின் அளவுக்கான அச்சைப் பாதிவரை மட்டும் அழுத்தினால் முனையில் வளையம்போலப் புடைப்பு வரும், அது போதும். எல்லாம் முடிந்ததும் காற்றடித்து ஊதி, டீசல் ஊற்றிக் கழுவுங்கள்.

இணைப்புகளுக்கு எண்ணெய் தாங்கும் எரிபொருள் ஹோஸ் மட்டுமே. தண்ணீர் ஹோஸ் சில மாதத்தில் உப்பி இளகிவிடும். குழாயின் மேல் குறைந்தது 25 மிமீ ஏற்றி, புடைப்புக்குப் பின்னால் கிளிப் போடுங்கள். துளைப்பட்டிக் கிளிப் ரப்பரைக் கடிக்கும், வழவழப்பான நட் போல்ட் கிளிப் நல்லது. சேஸில் அரை மீட்டருக்குள் ஒரு கிளிப், அதற்கடியில் ரப்பர் துண்டு. சைலன்சருக்கும் பைப்புக்கும் 5 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். பாஞ்சோ போல்ட்டில் (நடுத்துளை வழியாக டீசல் ஓடும் போல்ட்) பழைய காப்பர் வாஷரை மறுபடி போடாதீர்கள். பத்து ரூபாய் வாஷரால்தான் முழு வேலையும் கெடும்.

பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் பைப் வேறு ஜாதி. நூற்றுக்கணக்கான பார் அழுத்தம் அதில் வரும், சுவர் தடித்தது, எல்லாப் பைப்பும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். அதை டீசல் பம்ப் லேபில் செய்து வாங்குங்கள். ஒழுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவாதீர்கள், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துப் புகும். அட்டை வைத்துப் பாருங்கள். சிஆர்டிஐ (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இன்னும் அதிக அழுத்தத்தில் டீசல் பீய்ச்சும்) வண்டியானால் அந்தப் பக்கமே கை வைக்காதீர்கள்.

மாட்டியதும் ஃபில்டர் மேலுள்ள, காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பம்பை அடியுங்கள். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும், அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்குங்கள். எவ்வளவு அடித்தும் நுரை நிற்காவிட்டால் ஏதோ ஒரு இணைப்பு இன்னும் ஏர் எடுக்கிறது, அல்லது ஃபீட் பம்ப் வால்வு போயிருக்கிறது. பிறகு நாசில் முனையிலுள்ள பைப் நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்தி, செல்ஃபை 10 விநாடிக்கு மேல் அடிக்காமல், இடையில் ஒரு நிமிடம் விட்டுச் சுற்றுங்கள். டீசல் கசிந்ததும் ஒவ்வொன்றாக இறுக்கினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிரேக் ஹோஸிலும் ரப்பர் புஷ்ஷிலும் சிந்திய டீசலைத் துடைத்துவிடுங்கள்.

சமதளத்தில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். கால் டேங்க் டீசலோடு போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் ஏற்றிப் பாருங்கள், அங்கே திணறாவிட்டால் பைப் சரி. 100 கிலோமீட்டர் ஓடியபின் எல்லாக் கிளிப்பையும் மறுபடி இறுக்க வேண்டும், புது ரப்பர் அதற்குள் சற்று அமர்ந்திருக்கும்.