வாசிகசாலை வாங்கில் அமெரிக்க அரசியலமைப்பு: ஒரு வட்டமாகக் கூடி வாசிக்கும் முறை

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உயர்தரத்தில் அரசறிவியல் கற்கும் பிள்ளைகள் பலருக்கு, அமெரிக்க அரசியலமைப்பு என்பது கொப்பியில் எழுதி மனனம் செய்யும் ஐந்தாறு தலைப்புகளாகவே அறிமுகமாகிறது. வலுவேறாக்கம், அதாவது அரச அதிகாரத்தைப் பிரித்துவைத்தல், என்றால் என்ன என்று கேட்டால் வரைவிலக்கணத்தைத் தவறின்றிச் சொல்வார்கள். எதற்கு அஞ்சி அதிகாரத்தை அப்படிப் பிரித்தார்கள் என்று கேட்டால் மௌனமாகிவிடுவார்கள். எங்கள் கிராமத்து வாசிகசாலையில் ஞாயிறு பிற்பகல்களில் மாணவரும் கமக்காரரும் தாய்மாருமாகக் கூடி அந்த ஆவணத்தை வாசித்துவருகிறோம். அந்த அனுபவத்தைக் கொண்டு, இதே முயற்சியைத் தொடங்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன்.

எட்டுப் பேர் போதும். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டும். மூல ஆவணம் ஏழு உறுப்புரைகளும் சுமார் 4,500 சொற்களுமே கொண்டது என்பதால், ஆங்கிலம் ஓரளவு தெரிந்த ஒருவர் வாக்கியம் வாக்கியமாக வாசித்துத் தமிழில் சொல்ல, மற்றவர்கள் கேட்டு விவாதிப்பது இயலாத காரியமன்று. சுருக்கக் குறிப்புகளை மட்டும் நம்ப வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரு கொப்பியை எடுத்துப் பக்கத்தின் நடுவே கோடிட்டு, இடப்பக்கம் "அரசு பலவீனமாகிவிடுமோ என்ற அச்சம்" என்றும் வலப்பக்கம் "அரசு அளவுமீறிப் பலம் பெற்றுவிடுமோ என்ற அச்சம்" என்றும் தலைப்பிடட்டும். வாசிக்கும் ஒவ்வொரு பிரிவையும் இந்த இரண்டில் எது பிறப்பித்தது என்று தீர்மானித்து எழுதுவதே இந்த முறையின் உயிர்நாடி.

முதல் ஞாயிறு அரசியலமைப்பைத் தொடவே வேண்டாம். 1776 ஜூலை 4 ஆம் திகதி ஏற்கப்பட்ட சுதந்திரப் பிரகடனத்தின் இரண்டாவது பந்தியை மட்டும் வாசியுங்கள். மனிதர் சமமாகப் படைக்கப்பட்டவர்கள், அவர்களிடமிருந்து பிரிக்க முடியாத உரிமைகள் உண்டு, அவற்றைக் காக்கவே அரசுகள் அமைக்கப்படுகின்றன, ஆளப்படுவோரின் சம்மதத்திலிருந்தே அவற்றுக்கு நியாயமான அதிகாரம் கிடைக்கிறது, அந்த நோக்கத்தை அழிக்கும் அரசை மாற்ற மக்களுக்கு உரிமையுண்டு என்று அது படிப்படியாக வாதிடுகிறது. இதை எழுதிய தோமஸ் ஜெபர்சனுக்குப் பின்னால், உரிமை அரசுக்கு முந்தியது என்று 17 ஆம் நூற்றாண்டில் வாதிட்ட ஆங்கிலேய மெய்யியலாளர் ஜோன் லொக் நிற்கிறார். "அரசுக்கு முந்திய உரிமை" என்ற சொற்றொடர் எங்கள் வட்டத்தில் முதலில் எவருக்கும் பிடிபடவில்லை. வன்னியில் பெரும்பாலான குடும்பங்கள் நன்கறிந்த ஒரு வேறுபாட்டைச் சொன்னபோதுதான் அது தெளிந்தது: பெமிற் காணியை அரசு நிபந்தனைகளோடு தருகிறது, அனுமதியின்றி விற்க முடியாது, நிபந்தனை மீறினால் பெமிற்றை ரத்துச் செய்யவும் இயலும். உறுதிக் காணி, அதாவது சொந்த உரித்துள்ள காணி, அப்படியன்று. லொக் சொல்லும் உரிமை உறுதிக் காணியைப் போன்றது. அரசு அதன் காவற்காரனேயன்றி உரிமையாளனன்று. ஆனால் பிரகடனம் நீதிமன்றத்தில் வழக்காடக்கூடிய சட்டமன்று என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். அது ஒரு வாதம்; அந்த வாதத்தை நிறுவனங்களாக மாற்றும் வேலை பின்னரே வந்தது.

அதற்கு இடைப்பட்ட தோல்வியைத் தாண்டிச் செல்லாதீர்கள். 1781 இல் நடைமுறைக்கு வந்த, அமெரிக்காவின் முதல் அரசியலமைப்பான கூட்டிணைப்புச் சட்டத்தின்படி மத்திய காங்கிரஸுக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. அச்சட்டத்தைத் திருத்தப் பதின்மூன்று மாநிலங்களும் ஒருமிக்க இணங்க வேண்டும். மசாசுசெற்ஸில் கடனாலும் வரியாலும் நொந்த விவசாயிகள் 1786 இல் நீதிமன்றங்களை முற்றுகையிட்டபோது அந்த அமைப்பின் இயலாமை வெளிப்பட்டது. கடன்காரர் வாசலில் வந்து நிற்பது எப்படியிருக்கும் என்பது எங்கள் வட்டத்துக் கமக்காரருக்குத் தெரியும் என்பதால், அந்த விவசாயிகளைப் பற்றியே ஒரு மணித்தியாலம் பேசினோம். அது வீணான நேரமன்று. 1787 மே மாதம் பிலடெல்பியாவில் தொடங்கிய, இன்றைய அரசியலமைப்பை வரைந்த மாநாட்டில் 55 பேர் கலந்துகொண்டார்கள், செப்டெம்பர் 17 ஆம் திகதி 39 பேர் ஒப்பமிட்டார்கள், ரோட் ஐலண்ட் எவரையும் அனுப்பவேயில்லை. கொப்பியின் இடப்பக்கம் நிரம்பத் தொடங்குவது இங்கேதான்.

முதல் மூன்று உறுப்புரைகள் சட்டமன்றம், சனாதிபதி, நீதிமன்றம் என்ற ஒழுங்கில் வருகின்றன. இதை விளக்க எங்கள் இரணைமடுக் குளத்தைப் பயன்படுத்தலாம். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டம் தீர்மானிக்கிறது, துருசைத் திறப்பவர் வேறொருவர், வாய்க்காலில் பிணக்கு வந்தால் அதை விசாரிப்பவர் இன்னொருவர். மூன்றும் ஒருவர் கையில் இருந்தால் கடைவாய்க்கால் வயலுக்கு என்ன நடக்கும் என்று கேளுங்கள், மூன்று அதிகாரங்களும் ஒரே கையில் சேரக்கூடாது என்று பிரெஞ்சு மெய்யியலாளர் மொன்ரெஸ்கியூ 1748 இல் விடுத்த எச்சரிக்கையை எவரும் நொடியில் விளங்கிக்கொள்வார்கள். எனினும் உவமை அதற்கு அப்பால் செல்லாது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஏனெனில் அரசியலமைப்பை வரைந்தவர்களுள் முதன்மையான ஜேம்ஸ் மடிசனும் அவரது தோழர்களும் மூன்று அறைகளைக் கட்டிக் கதவுகளை அடைத்துவிடவில்லை; ஒவ்வோர் அறையின் சாவியிலும் மற்றவருக்கு ஒரு பங்கு கொடுத்தார்கள். பிரதிநிதிகள் சபை, செனற் சபை என்ற இரு சபைகளைக் கொண்ட சட்டமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றியதைச் சனாதிபதி வீற்றோவால் மறுக்கலாம். இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் அந்த மறுப்பை மீறலாம். சனாதிபதி நீதியரசரைப் பெயர் குறிப்பிடலாம். செனற் சபை இணங்க வேண்டும். படைகளுக்குத் தளபதி சனாதிபதி. அவற்றுக்கான பணம் காங்கிரஸின் கையில். பிரதிநிதிகள் சபை குற்றப் பிரேரணை கொண்டுவரும். செனற் சபை விசாரிக்கும். மனிதர்கள் தேவதூதர்களாக இருந்தால் அரசே தேவையில்லை என்ற கருத்தில் மடிசன் 1788 இல் எழுதியதன் பொருள் இதுவே: நல்லவர் பதவிக்கு வருவார் என்ற நம்பிக்கையின்மீது அவர்கள் கட்டவில்லை. ஆகவே பிள்ளைகள் மூன்று தனிப்பெட்டிகளை வரைந்து வந்தால் திருப்பிக் கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் அம்புக்குறிகளை வரையச் சொல்லுங்கள்.

முதலாம் உறுப்புரையின் ஒன்பதாம் பிரிவில் ஓர் இடத்தில் நிறுத்தி, அன்றைய மீதிப் பொழுது முழுவதையும் அதற்கே கொடுங்கள். கலகமோ படையெடுப்போ ஏற்பட்டு, பொதுப் பாதுகாப்பு வேண்டி நின்றாலன்றி, ஆட்கொணர்வு ஆணையைப் பெறும் உரிமையை இடைநிறுத்தலாகாது என்கிறது அந்த வாசகம். பிடித்துவைத்த ஒருவரை நீதிபதியின் முன் உயிரோடு கொண்டுவந்து நிறுத்து என்பதே ஆட்கொணர்வு. இறுதிப் போரின் முடிவில் சரணடைந்தவர்களுக்காக வவுனியா மேல் நீதிமன்றத்தில் உறவினர்கள் தாக்கல் செய்த மனுக்களும் இதே பெயருடையவைதான். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் அமர்ந்த, காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் கேட்டதும் இதைத்தான். இங்கே எவரையும் அவசரப்படுத்தாதீர்கள். பேச விரும்புபவர் பேசட்டும், விரும்பாதவர் இருக்கட்டும். பின்னர் அமெரிக்க வரலாற்றுக்குத் திரும்புங்கள். உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861 இல் ஆபிரகாம் லிங்கன் தாமே அந்த உரிமையை இடைநிறுத்தினார், அது காங்கிரஸுக்கு உரிய அதிகாரம் என்று பிரதம நீதியரசர் ரோஜர் ரேனி தீர்ப்பெழுதினார், லிங்கன் பணியவில்லை, காங்கிரஸ் 1863 இல்தான் அதற்குச் சட்டம் இயற்றியது. தெளிவாக எழுதப்பட்ட காப்புக்கூட, போர் வந்தபோது அதிகாரத்தைத் தடுத்து நிறுத்தவில்லை. இதை மறைத்துக் கற்பித்தால் அமெரிக்காவைப் பற்றி நாம் கற்பிப்பது புகழுரையாகிவிடும்.

மத்திக்கும் மாநிலங்களுக்கும் இடையே அதிகாரத்தைப் பிரிக்கும் சமஷ்டியைப் பற்றிய பகுதி வந்ததும் எங்கள் பகுதியில் குரல்கள் உயரும், உயர வேண்டியதுதான். மத்திக்குத் தரப்படாதவையும் மாநிலங்களுக்குத் தடுக்கப்படாதவையுமான அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்கிறது 1791 இல் வந்த பத்தாம் திருத்தம். இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் இரண்டாம் உறுப்புரையோ இது ஒற்றையாட்சி அரசு என்கிறது. முதலாவதில் அதிகாரம் கீழிருந்து வரையறையோடு மேலே கொடுக்கப்படுகிறது. மற்றதில் மேலிருந்து கீழே பகிரப்படுகிறது. ஆயினும் அமெரிக்க மாநிலங்கள் மொழியாலோ இனத்தாலோ வகுக்கப்பட்டவையல்ல என்பதையும், மாநில உரிமை என்ற பதாகையின் கீழேயே தென்மாநிலங்கள் அடிமை முறையையும் பின்னர் நிறப் பிரிவினையையும் பாதுகாத்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எங்கள் பிரச்சினைக்கு ஆயத்தமாக வைக்கப்பட்ட விடையாக இதை எடுத்துக்கொள்வது தவறு என்பதே என் கருத்து. மாணவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அமெரிக்காவின் 13 ஆம் திருத்தம் 1865 இல் அடிமை முறையை ஒழித்தது, எங்களுடையது 1987 இல் மாகாண சபைகளை உருவாக்கியது, பரீட்சைத் தாளில் இரண்டையும் மாற்றி எழுதிவிடும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

அடிமை முறை தொடர்பான மூன்று இடங்களையும் விரலால் தொட்டு வாசியுங்கள். பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணிக்கும்போது, சுதந்திரரல்லாத ஏனையோரில் ஐந்தில் மூன்று பங்கினரையே சேர்க்க வேண்டும் என்ற விதி. 1808 வரை அவ்வாறான ஆட்களின் இறக்குமதியைக் காங்கிரஸ் தடை செய்யக்கூடாது என்ற விதி. தப்பியோடியவரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்ற விதி. "அடிமை" என்ற சொல்லை மூல ஆவணம் எங்கும் உச்சரிப்பதில்லை. சமத்துவத்தை அறிவித்து பதினொரு ஆண்டுகளில் இதை எழுதினார்கள். பிரகடனத்தின் வாக்கியம் சட்டத்தின் வாக்கியமாக மாற 1868 இல் 14 ஆம் திருத்தத்தின் சம பாதுகாப்பு வாசகம் வர வேண்டியிருந்தது, அதற்கும் முன்னர் ஓர் உள்நாட்டுப் போர் நிகழ வேண்டியிருந்தது. பெண்களின் வாக்குரிமை நாடு முழுவதற்குமாக 1920 இலேயே உறுதியானது.

நீதிமன்றம் பற்றி ஒன்று மட்டும். காங்கிரஸின் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானால் அதை நீதிமன்றம் செல்லாததாக்கலாம் என்று மூன்றாம் உறுப்புரை வெளிப்படையாகச் சொல்வதில்லை. 1803 இல் பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல் மார்பரி எதிர் மடிசன் வழக்கில் அதை நிலைநாட்டினார். எங்கள் நாட்டில் சட்டமூலமாக இருக்கும் குறுகிய காலத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். சபாநாயகர் சான்றுரை இட்டுச் சட்டமானபின் அதன் செல்லுபடித்தன்மையை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது என்கிறது 80 ஆம் உறுப்புரை. இரண்டையும் அருகருகே வாசிக்கத் தந்தால் போதும், விளக்கம் தேவைப்படாது.

முகவுரையைக் கடைசி ஞாயிற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். "மக்களாகிய நாம்" என்று தொடங்கும் அந்த ஒரே வாக்கியத்தை உரத்து வாசித்து, 1787 இல் அந்த "நாம்" என்ற சொல்லுக்குள் இருந்தவர் யார், இல்லாதவர் யார் என்று கொப்பியைப் பார்த்துப் பட்டியலிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் உள்ளே வந்தது எந்தத் திருத்தத்தால், எந்த ஆண்டில் என்று எழுதட்டும். எதிரே எழுத எதுவும் கிடைக்காத பெயர்களும் சில இருக்கும். அந்த இடங்களை வெறுமையாகவே விட்டு, அடுத்த சுற்றை அங்கிருந்து தொடங்குங்கள்.