இரட்டை காப்பி எக்ஸ்சேஞ்ச்: கோளாறு கார்டிலா, ஸ்லாட்டிலா?

சிறிய டிஜிட்டல் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மைனஸ் 48 வோல்ட், எம்டிஎஃப் (ஊர்க் கேபிள்கள் வந்து சேரும் சட்டம்), லைன் கார்டு எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

புரோசஸர், சுவிட்ச், கிளாக் (எல்லாவற்றுக்கும் நேரத் துடிப்பு தருவது) மூன்றும் இரண்டிரண்டாக இருக்கும். காப்பி 0, காப்பி 1 என்போம். ஒன்று ஆக்டிவ், அதாவது வேலை செய்வது; மற்றது ஸ்டாண்ட்பை, அதாவது தயாராகக் காத்திருப்பது. ஒரு காப்பி படுத்துவிட்டாலும் ஊரில் எல்லா போனும் பேசும். ஆபத்தே அங்கேதான். 1965-இல் அமெரிக்காவில் சக்கசன்னா என்ற ஊரில் திறந்த முதலாம் எண் இ.எஸ்.எஸ். (எலெக்ட்ரானிக் ஸ்விட்சிங் சிஸ்டம்) எக்ஸ்சேஞ்சுக்கு வைத்த இலக்கு, 40 ஆண்டுகளில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பது. கெட்ட காப்பியை அடுத்தது கெடுவதற்குள் சரிசெய்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். "போன் வேலை செய்கிறதே, திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று விடாதீர்கள்.

1. ஆக்டிவ் எது? டெர்மினலில் பார்த்து, லாக் புத்தகத்தில் எழுதுங்கள். எல்இடியை மட்டும் நம்பிக் கார்டில் கை வைக்காதீர்கள்.

2. அலாரத்தை வாசியுங்கள். இரண்டு காப்பியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதைத்தான் அலாரம் சொல்லும். எது தப்பு என்று சொல்லாது. நல்ல கார்டே புகார் கொடுத்திருக்கலாம். ஒரே காப்பியில் நாலைந்து கார்டுகள் ஒரே நேரத்தில் கத்தினால், அவற்றுக்குப் பொதுவான பவர் சப்ளையையும் கிளாக்கையும் முதலில் பாருங்கள்.

3. ஐந்து வோல்ட் சப்ளை. கார்டுகள் எல்லாம் செருகியிருக்கும்போதே பேக்பிளேனில் (கார்டுகள் செருகும் பின்பலகையில்) அளக்க வேண்டும். டிடிஎல் (5 வோல்ட்டில் ஓடும் லாஜிக்) சிப்புகளுக்கு 4.75-க்குக் கீழே போகக் கூடாது. 4.6 வோல்ட்டில் கார்டு முழுசாகச் சாகாது, கண்டபடி நடந்துகொள்ளும். இதற்கு நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர்தான் வேண்டும். முள் மீட்டரில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

4. டயக்னாஸ்டிக்ஸ், அதாவது எக்ஸ்சேஞ்ச் தன்னைத்தானே சோதிக்கும் புரோகிராம். ஸ்டாண்ட்பையை அவுட் ஆஃப் சர்வீஸ் ஆக்கிவிட்டு மூன்று முறை ஓட்டுங்கள். ஒரே இடத்தில் மூன்று முறையும் தவறினால் நிம்மதி. இடம் மாறிக்கொண்டே இருந்தால் மூன்றாம் படிக்கே திரும்புங்கள்.

5. கார்டு மாற்றுவது. நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். விதி எளிது: வேறு கார்டு போட்டால் கோளாறு போய்விட்டதா? கார்டில் பிரச்சினை. போகவில்லையா? ஸ்லாட்டில்.

ஒரு எக்ஸ்சேஞ்சில் காப்பி 1-இன் கன்ட்ரோலர் கார்டு தவறியது. ஸ்பேர் போட்டேன், அதுவும் தவறியது. பக்கத்து ஊரிலிருந்து இன்னொன்று கொண்டுவந்தேன், அதுவும் அப்படியே. முதல் ஸ்பேரை அந்த ஊருக்கே எடுத்துப்போய் அங்குள்ள ஸ்டாண்ட்பை ஸ்லாட்டில் போட்டால், அங்கேயும் தவறியது! கோளாறு கார்டோடு வருகிறது, ஆகவே கார்டுதான் என்று முடிவுகட்டி இரண்டு நாள் வீணாக்கினேன்.

மூன்றாம் நாள் கார்டை உருவிவிட்டு, காலி ஸ்லாட்டுக்குள் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தேன். நட்ட நாற்று வரிசைபோல் பின்கள் நேராக நிற்க, கீழிருந்து நாலாவது மட்டும் பக்கத்துப் பின்மேல் சாய்ந்திருந்தது. உள்ளே போன ஒவ்வொரு கார்டின் கனெக்டர் துளையையும் அது நெரித்திருக்கிறது. ஸ்லாட் கார்டைக் கெடுத்தது, கெட்ட கார்டு போன இடமெல்லாம் தவறியது.

அதனால் இப்போது என் வழக்கம்: கார்டை உருவியதும் முதலில் டார்ச், அப்புறம்தான் ஸ்பேர். நல்ல ஸ்பேர் ஒன்றுதான் கையில் இருக்கிறதென்றால் இது இன்னும் முக்கியம். வளைந்த பின்னை நிமிர்த்த, அந்தக் காப்பியின் பவரை அணைத்துவிட்டு, லெட் இல்லாத 0.9 மி.மீ. மெக்கானிக்கல் பென்சிலின் முனையைப் பின்மேல் மாட்டி மெல்ல நிமிர்த்துவேன். குறடு வேண்டாம், பக்கத்துப் பின்னையும் கெடுத்துவிடும். ரிஸ்ட் ஸ்ட்ராப் (உடம்பின் நிலைமின்னை எர்த்துக்கு இறக்கும் கைப்பட்டை) கட்டாமல் எதையும் தொடாதீர்கள். கார்டு விளிம்பை அழிப்பானால் தேய்ப்பவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது, தங்க முலாம் போய்விடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சு வராத துணியும் போதும்.

6. மாற்றிப் பார்ப்பது. சரிசெய்த காப்பி ஒரு நாள் ஸ்டாண்ட்பையாக அலாரம் இல்லாமல் ஓடட்டும். பிறகு அழைப்புகள் குறைந்த நள்ளிரவில் அதை ஆக்டிவ் ஆக்குங்கள். இதைச் செய்யாமல் வேலை முடிந்தது என்று லாக்கில் எழுதாதீர்கள்.

பின்சேர்க்கை: ஸ்பேர் போட்டதும் புதுசாக வேறு அலாரம் வருகிறதே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இருவருக்கும் காரணம் ஒன்றுதான்: கார்டிலுள்ள ஜம்பர் (செட்டிங்கைத் தீர்மானிக்கும் சிறு இணைப்பு). பழைய கார்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஜம்பர், டிப் சுவிட்ச், ஈப்ராம் (புரோகிராம் உள்ள சிப்) லேபிளில் உள்ள பதிப்பு எண் எல்லாவற்றையும் ஒப்பிட்டுவிட்டே செருகுங்கள். உருவும் முன் போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் இன்னும் நல்லது.