வேலை செய்யேலுமோ எண்டு பார்க்கிற அசெஸ்மென்ற்: எங்கட ஆக்கள் விடுற பிழைகள்

வருத்தத்தால, இயலாமையால வேலைக்குப் போகேலாம யூனிவர்சல் கிரெடிட் எண்ட அரசாங்க உதவிக்காசு எடுக்கிற ஆக்களுக்கு யூகேயில நடக்கிற சோதனைதான் வொர்க் கேபபிலிற்றி அசெஸ்மென்ற். 2008 ஒக்டோபரில வருத்தக்காரருக்குக் குடுக்கிற இஎஸ்ஏ எண்ட பெனிஃபிட்டோட சேர்ந்து வந்தது. முதல் அற்றோஸ் கொம்பனி செய்தது, 2015 மார்ச்சில மக்ஸிமஸ் எடுத்தது, 2024 செப்டெம்பருக்குப் பிறகு இடத்துக்கு இடம் வேற வேற கொம்பனி. கொம்பனி மாறினாலும் கேக்கிற கேள்வி பெரிசா மாறேல்லை, எங்கட சனம் விடுற பிழையும் மாறேல்லை. லண்டனில ஆக்களுக்கு இந்த ஃபோர்ம் நிரப்பக் கூட இருக்கிற நேரம் திருப்பித் திருப்பிக் காணுறதைத்தான் இதில எழுதுறன்.

எல்லாத்திலயும் பெரிய பிழை, அசெஸ்மென்ற்றுக்கு முதல் நிரப்பி அனுப்பிற யூசி50 ஃபோர்மில வருத்தத்தின்ர பேரை மட்டும் எழுதிப்போட்டு விடுறது. "சலரோகம், பிரஷர், முழங்கால் தேஞ்சிருக்கு, நாரி நோ" எண்டு வரிசையா எழுதி, குளிசைப் பட்டியலையும் வைச்சா காணும் எண்டு நினைக்கினம். வருத்தத்துக்கு இங்க ஒரு பொயின்ற்றும் இல்லை. அந்த வருத்தத்தால உங்களால எது செய்யேலாது எண்டதுக்குத்தான் பொயின்ற். உடம்பு சம்பந்தமா 10, மனநிலை சம்பந்தமா 7 எண்டு 17 செயற்பாடு இருக்கு, எல்லாம் சேர்த்து 15 பொயின்ற் வந்தா வேலை செய்யிற திறன் குறைவு எண்டு ஏத்துக்கொள்ளுவினம். நடக்கிற கேள்வியை எடுங்கோ. 50 மீற்றர் போகேலாட்டி 15, 100 மீற்றர் எண்டா 9, 200 மீற்றர் எண்டா 6. ஆனா இதில முக்கியமான விசயம் கனபேருக்குத் தெரியாது, ஒருக்கா கஷ்டப்பட்டு 50 மீற்றர் நடந்துபோட்டு அரை மணித்தியாலம் கதிரையில சரிஞ்சு கிடக்கிறீங்கள் எண்டா சட்டப்படி அது நடக்கேலுறது இல்லை, திருப்பித் திருப்பி, நியாயமான நேரத்துக்குள்ள, பெரிய நோவோ களைப்போ இல்லாமச் செய்யேலும் எண்டாத்தான் செய்யேலும் எண்டு கணக்கு. ஆனபடியா "நடப்பன், ஆனா கஷ்டம்" எண்டு எழுதாதேங்கோ. வீட்டு வாசலில இருந்து எந்த இடம் வரைக்கும், எத்தினை தரம் நிண்டு, போய்ச் சேர்ந்த பிறகு என்ன நடக்குது எண்டு எழுதுங்கோ.

ஒண்டு தெரிஞ்சிருங்கோ, கையால தள்ளுற சில்லுக்கதிரை (வீல்செயார்) பாவிச்சா அவ்வளவு தூரம் போகேலும் எண்டு அவை நினைச்சா அதையும் கணக்கில எடுப்பினம், அதால தோள், கை நோவையும் மறக்காமச் சொல்லவேணும்.

அடுத்தது, நல்லா இருக்கிற நாளை வைச்சுப் பதில் சொல்லுறது. இது பொய் சொல்லுறேல்லை எண்ட நேர்மையில வாறது எண்டு எனக்கு வடிவா விளங்குது, ஆனா கிழமையில நாலு நாள் கட்டிலை விட்டு எழும்பேலாத ஆள் மிச்ச மூண்டு நாளைப் பற்றி மட்டும் சொன்னா அதுவும் உண்மை இல்லையே. எத்தினை நாள் எப்பிடி எண்டு ரெண்டையும் சொல்லுங்கோ. அசெஸ்மென்ற்றில சாதாரணக் கதை மாதிரிக் கேப்பினம், எப்பிடி வந்தனீங்கள், பஸ்ஸிலயோ, ஆர் சமைக்கிறது, ரிவி பாக்கிறனீங்களோ எண்டு. "ஓம், நாடகம் பாக்கிறனான்" எண்டு சொன்னா ஒரு மணித்தியாலம் இருக்கேலும், கவனிக்கவும் ஏலும் எண்டு றிப்போர்ட்டில வந்து நிக்கும். நீங்கள் படுத்துக்கொண்டு, இடையில நித்திரையாகி, கதை விளங்காமப் பாக்கிறீங்கள் எண்டா அதை முழுசாச் சொல்லவேணும். கதிரையில இருந்து எப்பிடி எழும்பினீங்கள், பையை எந்தக் கையால எடுத்தனீங்கள் எண்டதையும் பாத்து எழுதுவினம்.

எங்கட ஆக்களிட்ட இன்னொரு பழக்கம், வேற ஆக்களுக்கு முன்னால இயலாது எண்டு சொல்ல வெக்கப்படுறது. எப்பிடி இருக்கிறீங்கள் எண்டு கேட்டவுடன நல்லா இருக்கிறன் எண்டு சிரிக்கிறது. மலசலம் அடக்கேலாமப் போறதைப் பற்றி ஃபோர்மில ஒரு கேள்வியே இருக்கு, அதை வெறுமையா விட்டுப்போட்டு வந்து என்னிட்ட மட்டும் மெதுவாச் சொல்லுகினம். அதோட மகனையோ மகளையோ மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போறது. பிள்ளைக்கு முன்னால அம்மா தான் சாக நினைச்சதைச் சொல்லுவாவோ? காம்பில, தடுப்பில நடந்ததை அப்பா சொல்லுவாரோ? பிள்ளையும் அப்பான்ர மரியாதையைப் பாத்துச் சொல்லைக் குறைச்சுத்தான் இங்கிலிஷில சொல்லும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு ஃபோர்மிலயே எழுதலாம், காசு இல்லை. பிள்ளை துணைக்கு வரட்டும், மொழிபெயர்க்க வேண்டாம். போரிலயும் சித்திரவதையிலயும் தப்பி வந்த ஆக்கள் ஃப்ரீடம் ஃப்ரொம் ரோர்ச்சர் மாதிரி இடத்தில சிகிச்சை எடுத்தா அங்கயிருந்து ஒரு கடிதம் கேளுங்கோ, நித்திரை இல்லாதது, கதவு தட்டினா நடுங்கிறது, பஸ்ஸில ஏறேலாதது எல்லாம் அதில வரவேணும். அசெஸ்மென்ற்றை ஓடியோ றெக்கோர்ட் பண்ணச் சொல்லியும் கேக்கலாம், ஆனா அந்த நாளுக்கு முதலே கேக்கவேணும்.

ஜீபியிட்ட, அதாவது குடும்ப டொக்டரிட்ட, வாங்கிற கடிதத்திலயும் இதே பிழை. "இவருக்கு இந்த வருத்தம், இந்த மருந்து" எண்டு ரெண்டு வரி, அதுக்குச் சில இடத்தில காசும் எடுப்பினம். அந்தக் கடிதத்தால பெரிய உதவி இல்லை. உங்கட மெடிக்கல் றெக்கோர்ட்டின்ர கொப்பியை நீங்களே காசில்லாம எடுக்கலாம், ஃபிசியோ, மனநல நேர்ஸ், உங்களை நாளாந்தம் பாக்கிற ஆள் எழுதினதும் சாட்சிதான். அனுப்பிற எல்லாத்துக்கும் கொப்பி வைச்சிருங்கோ, தபாற்கந்தோரில அனுப்பின துண்டையும் எறியாதேங்கோ. முடிவு வரும் வரைக்கும் ஃபிற் நோட்டை, அதாவது வேலை செய்யேலாது எண்டு டொக்டர் தாற துண்டை, இடைவெளி இல்லாமக் குடுத்துக்கொண்டு வாங்கோ.

கடிதம் வந்தா உடைக்காம வைக்கிறதைப் பற்றி நான் கொஞ்சம் கூடவே எழுதவேணும். ஃபோர்ம் திருப்பி அனுப்ப 4 கிழமைதான் தருகினம், அப்பொயின்ற்மென்ற்றுக்குப் போகாம விட்டு, அதுக்கு அவை ஏத்துக்கொள்ளுற காரணமும் இல்லாட்டி, வேலை செய்யேலும் எண்டே முடிவெடுத்திடுவினம். மனம் சரியில்லாத ஆளுக்குக் கடிதத்தை உடைக்கிறதே மலை எண்டது எனக்குத் தெரியும், வருத்தத்தின்ர அடையாளமே அதுதான். ஸ்ரொக்ரனைச் சேர்ந்த ஜோடி வைற்றிங், ஒன்பது பிள்ளையளின்ர தாய், நிமோனியா வந்து கிடந்த நேரம் அசெஸ்மென்ற்றுக்குப் போகேல்லை எண்டு இஎஸ்ஏயை நிப்பாட்டினவை, 2017 பெப்ரவரியில அவ உயிரை மாய்ச்சுக்கொண்டா. டிடபிள்யூபி, அதாவது இந்தக் காசுகளைக் குடுக்கிற அரசாங்கத் திணைக்களம், தன்ர பாதுகாப்பு விதிகளை அஞ்சு தரம் மீறினது பேந்துதான் வெளிய வந்தது. நொட்டிங்ஹாமில எறோல் கிரஹாம், மனநோயாளி, இதே மாதிரி நிப்பாட்டின பிறகு பட்டினியால மெலிஞ்சு 2018இல செத்துக் கிடந்தார். ஆனபடியா வீட்டில ஆராவது அப்பிடி இருந்தா கடிதத்தை நீங்கள் பாருங்கோ, போகேலாட்டி முதலே ஃபோன் எடுத்துச் சொல்லுங்கோ, வீட்டில வைச்சோ ஃபோனிலயோ செய்யக் கேளுங்கோ, சொன்ன திகதியையும் கதைச்ச ஆளின்ர பேரையும் எழுதி வையுங்கோ.

பொயின்ற் காணாட்டியும் இன்னொரு வழி இருக்கு, அதை ஃபோர்ம் வடிவாக் கேக்காது. வேலை செய்யேலும் எண்டு முடிவெடுத்தா உங்கட உடம்புக்கோ உயிருக்கோ, மற்ற ஆக்களுக்கோ பெரிய ஆபத்து வரும் எண்டா அதை வைச்சே ஏத்துக்கொள்ளலாம் எண்டு சட்டத்தில இருக்கு. கடைசிப் பக்கத்தில இடம் இருக்கும், அதில எழுதுங்கோ. முந்தி உயிரை மாய்க்க முயற்சி செய்தது, வலிப்பு வந்து விழுந்தது, ஆஸ்பத்திரியில நிண்டது எல்லாம் திகதியோட.

முடிவு பிழையா வந்தா கனபேர் அதோட விடுகினம், சிலபேர் கோவத்தில யூனிவர்சல் கிரெடிட் கிளெய்மையே மூடிப்போடுகினம், தயவுசெய்து அதைச் செய்யாதேங்கோ, அடிப்படைக் காசும் போயிடும். முதல் அந்த அசெஸ்மென்ற் றிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கோ. உங்களைப் பாத்த ஆள் எழுதுறது ஆலோசனை, முடிவு டிடபிள்யூபின்ர. ஒரு மாதத்துக்குள்ள மன்டற்றரி றிகொன்சிடரேஷன், அதாவது முடிவைத் திருப்பிப் பாக்கச் சொல்லி, கேக்கவேணும், யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில இருக்கிற ஜேர்னலிலயே கேக்கலாம். அதுவும் மாறாம வந்தா அந்தக் கடிதத் திகதியில இருந்து ஒரு மாதத்துக்குள்ள ட்ரைபியூனல். இங்க கனபேர் பிழை விடுகினம், முதல் படியிலயே மறுத்துப்போட்டினம், இனி என்ன எண்டு. ட்ரைபியூனல் டிடபிள்யூபின்ர இல்லை, ஒரு நீதிபதியும் ஒரு டொக்டரும் இருப்பினம், காசில்லை, 2010களின்ர கடைசியில இஎஸ்ஏ அப்பீலுக்குப் போன ஆக்களில பாதிக்கு மேல வெண்டவை. பேப்பரில மட்டும் பாக்கச் சொல்லாதேங்கோ, நேரிலயோ ஃபோனிலயோ கதைக்கிற விசாரணை கேளுங்கோ. வெண்டா முந்தின காசும் வரும். சிற்றிசன்ஸ் அட்வைஸோ, பக்கத்தில சட்ட உதவி குடுக்கிற லோ சென்ரரோ உதவி செய்யும்.

இயலாமைக்குக் குடுக்கிற பிப் எண்ட மற்றக் காசு கிடைச்சா இதுவும் தன்பாட்டில கிடைக்கும் எண்டு நினைக்கிறதும் பிழை, அது வேற சோதனை. இந்த அசெஸ்மென்ற்றை 2028இல எடுத்துவிடப் போறம் எண்டு 2025 மார்ச்சில அரசாங்கம் சொன்னது, அதைக் கேட்டுப்போட்டு ஃபோர்மை எறிஞ்ச ஆக்களும் இருக்கினம், இப்பவும் அது நடக்குது. 2026 ஏப்ரலுக்குப் பிறகு புதுசா எடுக்கிற ஆக்களில கூடுதலான பேருக்கு ஹெல்த் காசு, அதாவது வருத்தத்துக்கெண்டு யூனிவர்சல் கிரெடிட்டோட கூடத் தாற காசு, மாதம் கிட்டத்தட்ட 217 பவுண், பழைய ஆக்களுக்கு வாறதில ஏறக்குறையப் பாதி. இது எவ்வளவு அநியாயம், ஒரே வருத்தம், திகதி மட்டும் வேற.

அநியாயம் எண்டு தெரிஞ்சும் "நாங்கள் சொல்லி ஆர் கேக்கப்போகினம்" எண்டு இருக்கிறதைத்தான் நான் கடைசிப் பிழை எண்டு சொல்லுவன். இந்த முறையில வந்த மாற்றம் கனக்க அதில கஷ்டப்பட்டு, எதிர்த்து நிண்ட ஆக்களாலதான் வந்தது. 2012இல லண்டன் பரலிம்பிக்ஸுக்கு அற்றோஸ் ஸ்பொன்சர் எண்ட நேரம் டிபிஏசி எண்ட மாற்றுத்திறனாளிகள் அமைப்பு அந்தக் கொம்பனிக்கு முன்னால போய் நிண்டது, மூண்டு வருசத்துக்குள்ள அற்றோஸ் ஒப்பந்தத்தை இடையில விட்டுப் போனது. 2013இல மனநோய் உள்ள ரெண்டு பேர் போட்ட வழக்கில, இந்த முறை அப்பிடியான ஆக்களுக்குப் பாதகம் எண்டு நீதிமன்றம் சொன்னது. அசெஸ்மென்ற்றை இறுக்க 2023இல நடந்த கருத்துக் கேட்பு சட்டத்துக்கு மாறு எண்டு 2025 ஜனவரியில ஹைகோர்ட் தீர்ப்புச் சொன்னது, வழக்குப் போட்டது எலன் கிளிஃபர்ட் எண்ட மாற்றுத்திறனாளிப் போராளி, அந்தத் திட்டம் பேந்து கைவிடப்பட்டது. ஜோடின்ர தாய் ஜோய் டவ் வருசக்கணக்கா அலைஞ்சுதான் ரெண்டாவது மரண விசாரணையை வாங்கினவ. 2025 ஜூலை 1ஆம் திகதி, பாராளுமன்றத்தில விவாதம் நடந்துகொண்டிருக்கேக்கயே, பிப்பை இறுக்கிற பகுதியைச் சட்டத்தில இருந்து எடுக்கிறம் எண்டு எழும்பிச் சொன்ன அமைச்சர் ஸ்டீவன் டிம்ஸ், எங்கட சனம் கனக்க இருக்கிற ஈஸ்ட் ஹாமின்ர எம்பி.

ஆனபடியா எம்பிக்கு எழுதுங்கோ, உங்கட தொகுதி எம்பிக்கு, வீட்டு விலாசம் போட்டு, அப்பத்தான் எடுப்பினம். இணையத்தில ஆரோ எழுதி வைச்ச கடிதத்தை அப்பிடியே அனுப்பாதேங்கோ. எந்தத் திகதி அசெஸ்மென்ற், என்ன கேட்டவை, நீங்கள் சொன்னது என்ன, றிப்போர்ட்டில வந்தது என்ன, ட்ரைபியூனல் என்ன சொன்னது எண்டு ஒரு பக்கத்தில எழுதி, அரசாங்கம் கருத்துக் கேக்கிற நேரம் அதே பக்கத்தை அங்கயும் அனுப்புங்கோ. இங்கிலிஷ் ஏலாட்டி தமிழில சொல்லுங்கோ, எழுதித் தர எங்கட பிள்ளையள் இருக்கினம்.