குமிழியை எண்ணாதீர்கள்: ஊட்டிக் குளிரில் நீர்ச்செடி மீன்தொட்டி

நீர்ச்செடி வளர்க்கும் மீன்தொட்டிக்குள் கார்பன் டை ஆக்சைடு கேஸைக் குமிழிகளாக விடும் கருவி டிஃப்யூசர். அதிலிருந்து குமிழி பொங்கிப் பொங்கி மேலே போவதைப் பார்த்து, கேஸ் நன்றாக ஏறுகிறது என்று நினைப்பதுதான் முதல் தவறு. மேலே வந்து உடைந்த குமிழி செடிக்குப் போய்ச் சேரவில்லை, வீட்டுக் காற்றோடு போய்விட்டது. குமிழி பொடியாக இருக்கவேண்டும், தண்ணீருக்குள் நெடுநேரம் அலையவேண்டும். அப்போதுதான் கார்பன் டை ஆக்சைடு கரையும்.

அழகாகத் தெரிகிறதே என்று நான் ஒரு வருடம் டிஃப்யூசரைக் கண்ணாடியின் மேல்பாதியில் ஒட்டி வைத்திருந்தேன். இருக்கவேண்டிய இடம் அடிப்பக்கம். ஃபில்டரிலிருந்து வரும் நீரோட்டம் குமிழிகளைப் பிடித்துத் தொட்டி முழுக்க இழுத்துச் செல்லவேண்டும். செராமிக் தட்டில் பாசி படிந்தால் குமிழி பருத்துவிடும். நீர்த்த பிளீச்சில் ஊறவைத்து, வாடை போகும்வரை அலசினால் சரியாகிவிடும்.

பகலில் ஏர் பம்ப் ஓடவிடுவது, காசு கொடுத்து ஏற்றிய கேஸை நாமே வெளியே விரட்டுவது. விளக்கும் கேஸும் நின்ற பிறகு, இரவில் ஓடட்டும்.

சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட் போட்டுக் கேஸ் உண்டாக்கும் பாட்டில் டிசம்பரில் நம் ஊரில் தூங்கிவிடும். சர்க்கரையை எவ்வளவு கொட்டினாலும் பலனில்லை, அதற்கு வேண்டியது வெதுவெதுப்பு. இரவில் பாட்டில் குளிரும்போது உள்ளே கேஸ் சுருங்கித் தொட்டித் தண்ணீரைக் குழாய் வழியே இழுத்துக்கொள்ளும். ஒருவழி வால்வு இல்லாமல் வைத்தால் காலையில் தரையைத் துடைக்க நேரலாம். சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் சேர்ந்து கேஸ் தரும் கிட் இந்தக் குளிருக்குத் தோது.

சமவெளி நண்பர் சொன்ன 'நொடிக்கு 2 குமிழி' கணக்கை அப்படியே இங்கே போடுவது அடுத்த தவறு. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதனால் அதே குமிழி இங்கே குறைவாகக் கரையும். குளிர்ந்த நீர் அதை ஓரளவு ஈடுகட்டும்: கடல்மட்ட அழுத்தத்தில் தூய கேஸ் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 1.45 கிராம் கரையும், 15 டிகிரியில் கிட்டத்தட்ட 2 கிராம். ஹீட்டர் போட்டு 25-இல் நிறுத்தினால் அந்த ஈடும் போச்சு. 18, 20 டிகிரியே போதும் என்கிற ஒயிட் கிளவுட் போன்ற மீன்களை வளர்ப்பது என் கட்சி.

ஆக்ஸிஜனுக்கும் இதே கதிதான். 25 டிகிரியில் கடற்கரைத் தொட்டி லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் பிடிக்கும், இங்கே 6 சொச்சம். ஆகவே தண்ணீரில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அளவை நிறத்தால் காட்டும் குப்பியான டிராப் செக்கர் மஞ்சளாகும்வரை கேஸைத் திறக்கும் துணிச்சல் மலையில் வேண்டாம். பச்சை என்றால் லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் கேஸ், அதோடு நிறுத்துங்கள். நிறம் மாற ஓரிரு மணி நேரம் ஆகும். 'இன்னும் நீலமாகவே இருக்கிறதே' என்று பத்து நிமிடத்துக்கொருமுறை வால்வைத் திருகியவர்கள்தான் மீனை இழக்கிறார்கள். செக்கருக்குள் தொட்டித் தண்ணீரை ஊற்றாதீர்கள், 4 டிகிரி கார்பனேட் கடினத்தன்மையுள்ள கரைசல்தான் வேண்டும். பிஎச்சையும் கடினத்தன்மையையும் வைத்துக் கேஸ் அளவைப் பார்க்கும் அட்டவணையும் மென்னீரில் கைவிடும்: கடினத்தன்மை 1-ஆ 2-ஆ என்று தடுமாறினாலே விடை இரட்டிப்பாகிவிடும்.

டைமரில் கேஸ் விளக்குக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே தொடங்கட்டும்.

மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் கேஸை மூடி, ஏர் பம்பைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். விடிகாலைக் குழாய்த் தண்ணீரை மட்டும் அப்படியே ஊற்றிவிடாதீர்கள், கொஞ்சம் வெந்நீர் கலந்து விளாவிக்கொள்ளுங்கள்.